தைமாவின் ஹத்தாஜ் கிணறும் சுற்றியுள்ள சோலை ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தபூக்கிலிருந்து மதீனாவுக்குச் சாலை வழியே போகும் நண்பர்கள் பலர் இடையில் தைமாவில் வண்டியை நிறுத்தி, ஊர் நடுவே உள்ள பெரிய கிணற்றைப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்புவார்கள். படத்தோடு கேள்விகளும் வரும். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றின் தொடர்ச்சியாக இருப்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

இந்தக் கிணறு எங்க இருக்கு? அப்படி என்ன பெரிய கிணறு?

சவூதி அரேபியாவின் வடமேற்கில், தபூக் மாகாணத்தில், நஃபூத் மணல் பாலைவனத்தின் தென்மேற்கு ஓரத்தில் தைமா இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 830 மீட்டர் உயரம். தபூக் நகரிலிருந்து சாலை வழியாக 260 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஊரின் பழைய பகுதியில் பேரீச்சந் தோட்டங்களுக்கு நடுவே கிணறு இருக்கிறது. அரபியில் கிணற்றை ‘பிஅர்’ என்பார்கள்; ஆகவே ‘பிஅர் ஹத்தாஜ்’ என்றால் ஹத்தாஜ் கிணறு.

குறுக்களவு ஏறத்தாழ 18 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 65 மீட்டர், ஆழம் 11 முதல் 12 மீட்டர். ஆழத்தை மட்டும் கேட்டால் நம் ஊர்த் தோட்டக்காரர் எவரும் வியக்கமாட்டார். அதைவிட ஆழமான கிணறு அவரிடமே இருக்கும். இதன் பெருமை அகலத்தில் இருக்கிறது. 18 மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் இரண்டரை லட்சம் லிட்டர் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

விட்டம் 18 மீட்டர்னா சுற்றளவு 56 தானே வரணும்? 65-ன்னு போட்டிருக்கே, எது தப்பு?

கணக்கு சரியானது, கேள்வியும் நல்ல கேள்வி. கிணறு வட்டம் அன்று என்பதுதான் விடை. விளிம்பு சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் வளைந்தும் செல்வதால், அதே குறுக்களவுள்ள வட்டத்தைவிடச் சுற்றளவு கூடுதலாக வருகிறது. கல் சுவர் பல காலங்களில் இடிந்து திரும்பக் கட்டப்பட்டிருக்கும்போது சீரான வட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

ஜம்ஜம் கிணறும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ஜம்ஜம், மக்காவின் பெரிய பள்ளிவாசல் வளாகத்துக்குள் இருக்கிறது. தைமாவிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 700 கிலோமீட்டர் தெற்கே. அது ஏறத்தாழ 30 மீட்டர் ஆழமுள்ள குறுகலான கிணறு. அதன் சிறப்பு வழிபாட்டோடு சேர்ந்தது. ஹத்தாஜ் உழவர்களின் கிணறு. அதன் நீர் தோட்டத்துக்கும் கால்நடைக்கும் வீட்டுக்கும் போனது.

மழையே இல்லாத இடத்துல 12 மீட்டர்ல எப்படித் தண்ணி வரும்?

தைமாவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். ஆனால் தைமா ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள பரந்த மேட்டு நிலத்தில் எப்போதாவது விழும் மழை, ஓடைகளாக இந்தப் பள்ளத்தை நோக்கி வருகிறது. ஊருக்கு வடக்கே ‘ஸப்கா’ எனப்படும் உப்புக் களர் நிலம் விரிந்து கிடக்கிறது. வந்து சேரும் நீர் வேறெங்கும் போக வழியின்றி ஆவியாகி உப்பை விட்டுச் செல்வதால் உண்டானது அது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அரேபியாவில் இப்போதைவிட மழை மிகுந்திருந்த காலத்தில், அங்கே ஓர் ஏரியே இருந்தது என்பதை மண்படிவங்களைத் துளைத்து ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பள்ளத்தின் அடியில் நீர் இருப்பது ஒரு பாதிதான். அதை உப்பு நிலத்துக்குப் போய்க் கெடுவதற்கு முன் எடுத்துப் பயிருக்குக் கொடுப்பது மறு பாதி. கிணறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

பாலைவனச் சோலைன்னா ஒரு குளம், நாலு பேரீச்ச மரம், அவ்வளவுதானே?

அது வரைபடப் புத்தகத்துச் சோலை. மனிதர் கை படாமல் விட்டால் இப்படிப்பட்ட இடத்தில் வளர்வது நாணலும் முட்புதரும்தான். பேரீச்சந் தோட்டம் ஒவ்வொன்றும் நட்டு, நீர் பாய்ச்சி, பெண் மரத்துக்கு ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் சேர்த்துக் காக்கப்படுவது. உயரத்தில் பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி போன்ற பழ மரங்கள், அவற்றின் அடியில் தானியமும் காய்கறியும் தீவனப் புல்லும் என்று மூன்று அடுக்காகப் பயிர் செய்வார்கள். மேல் அடுக்கு நிழல் தராவிட்டால் கீழ் அடுக்கு ஒரு கோடையைத் தாண்டாது. பேரீச்சை ஓரளவு உப்பு நீரையும் தாங்கும் என்பது இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் அடிப்படை.

ஒட்டகம் வச்சு தண்ணி இறைச்சாங்களாமே, எப்படி?

கமலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மாட்டுக்குப் பதில் ஒட்டகம், மற்றவை ஏறத்தாழ அதே. பார்க்காதவர்களுக்காக விரிவாகச் சொல்கிறேன்.

கிணற்று விளிம்பில் மரச்சட்டம் நட்டு, அதில் பெரிய மர உருளை மாட்டப்பட்டிருக்கும். தோலால் தைத்த பெரிய சால் ஒன்று இரண்டு கயிறுகளில் தொங்கும். தடித்த வடக்கயிறு மேல் உருளை வழியாகச் சாலின் வாயைப் பிடித்திருக்கும். மெல்லிய வால்கயிறு, கீழே விளிம்பை ஒட்டியுள்ள சிறிய உருளை வழியாகச் சாலின் அடியில் உள்ள, தும்பி எனப்படும் தும்பிக்கை போன்ற தோல் குழாயைப் பிடித்திருக்கும். சால் மேலே வரும்போது தும்பி மடங்கி மேல்நோக்கி நிற்பதால் நீர் சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் சாலின் வாய் மேல் உருளையை நோக்கி ஏற, தும்பி தாழ்ந்த உருளையோடு தொட்டியின் பக்கம் நீண்டு நீரைக் கொட்டிவிடும். யாரும் கையால் சாய்க்க வேண்டியதில்லை.

கிணற்றிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்து செல்லும் பாதையில் ஒட்டகம் இறங்கி நடக்கும். இறக்கத்தில் அதன் எடையே பாதி வேலையைச் செய்யும். பிறகு திரும்பி ஏறி வரும், சால் கீழே போகும். நம் பக்கத்தில் சில ஊர்களில் மாட்டைப் பின்னோக்கியே நடத்தி ஏற்றுவது உண்டு. அங்கே ஒட்டகத்தைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அரபியில் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஸவானி’ என்று பெயர்.

ஒரே கிணத்துல நூறு ஒட்டகமா? நம்பற மாதிரி இல்லையே!

ஹத்தாஜைச் சுற்றி 40 உருளைகள் வரை இருந்தன என்றும், கோடையில் நூற்றை நெருங்கும் எண்ணிக்கையில் ஒட்டகங்கள் வேலை செய்தன என்றும் ஊரில் சொல்வார்கள். 65 மீட்டர் விளிம்பை 40-ஆல் வகுத்தால் ஒரு உருளைக்கு 1.6 மீட்டர் கிடைக்கிறது. உருளைச் சட்டத்துக்கு அது போதும். பாதைகள் கிணற்றிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்து செல்வதால், ஒட்டகங்கள் நடக்கும் இடத்தில் நெருக்கடி இராது. 40 உருளைக்கு நூறு ஒட்டகம் என்பது, களைத்தவற்றை மாற்றிக் கட்டுவதையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது. எனக்கு இதில் ஐயம் இல்லை. ஒரே கிணறாக இருந்தாலும் நடைமுறையில் அது விளிம்பைப் பகிர்ந்துகொண்ட நாற்பது கிணறுகள். ஒவ்வொரு உருளையிலிருந்தும் வாய்க்கால் அந்த அந்தத் தோட்டத்தை நோக்கிப் போனது. அகலம் ஏன் இவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கும் இதுவே விடை.

பாபிலோன் ராஜா இங்க வந்து பத்து வருஷம் இருந்தார்னு சொல்றது கதையா, உண்மையா?

உண்மை. நபோனிடஸ் கி.மு. 556 முதல் 539 வரை ஆண்ட, பாபிலோனின் கடைசி அரசர். தலைநகரை மகன் பெல்ஷாத்சாரிடம் விட்டுவிட்டு அரேபியாவுக்குப் போய்த் தைமாவைத் தங்குமிடமாக்கிக்கொண்டார். பாபிலோனின் ஆண்டுக் குறிப்பேடு, அரசர் தைமாவில் இருந்தார், இளவரசரும் படையும் அக்காத் நாட்டில் (அதாவது பாபிலோனியாவில்) இருந்தனர், புத்தாண்டு விழா நடக்கவில்லை என்று ஆண்டுதோறும் சலிப்போடு பதிவு செய்கிறது. பத்து ஆண்டு என்ற கணக்கு, இன்றைய துருக்கியில் உள்ள ஹர்ரானில் 1956-இல் கிடைத்த அவருடைய சொந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. தைமாவைச் சுற்றியுள்ள பாறைகளில், தம்மைப் பாபிலோன் அரசர் நபோனிடஸின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் உள்ளூர் எழுத்தில் கீறிவைத்த வரிகளும் உள்ளன.

ஏன் வந்தார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. மக்கள் தெய்வக் குற்றம் செய்ததால் பஞ்சமும் நோயும் வந்தன, நிலவுத் தெய்வமான சின் தம்மை ஊரைவிட்டு வெளியேறச் செய்தார் என்பது அவர் வாக்கு. பாபிலோனின் தலைமைத் தெய்வமான மார்துக்கின் கோயிலைச் சேர்ந்த எதிராளிகள் பாடிய பாட்டோ, அவர் தைமாவின் தலைவனைக் கொன்று, கால்நடைகளை அழித்து, பாபிலோனைப் போல அரண்மனை கட்டிக்கொண்டார் என்று தூற்றுகிறது. வாசனைப் பொருள் வணிகத்தைக் கைக்குள் கொண்டுவருவதே நோக்கம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அவர் கைப்பற்றிய ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் நானும் கடைசிக் கருத்தின் பக்கமே சாய்கிறேன். பக்தி மட்டும் ஒருவரை இவ்வளவு ஒழுங்காகக் கிணற்றுக்குக் கிணறு அழைத்துச் செல்லாது.

அந்தப் பட்டியல்ல என்னென்ன ஊர் இருக்கு? இப்ப அதெல்லாம் எங்கே?

ஹர்ரான் கல்வெட்டு ஆறு பெயர்களைச் சொல்கிறது: தேமா, ததனு, பதக்கு, ஹிப்ரா, யதிஹு, கடைசியாக யத்ரிபு. தேமா நம் தைமா. யத்ரிபு என்பது யத்ரிப், அதாவது பின்னாளில் மதீனா ஆன ஊர். இஸ்லாம் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே அவ்வூரின் பெயரைத் தரும் சான்று இது. ஹிப்ரா என்பது கைபர். பதக்கு என்பது ஃபதக். இன்று அதற்கு அல்-ஹாயித் என்று பெயர். அங்கே பாறையில் நபோனிடஸின் உருவத்தோடு 26 வரிகள் கொண்ட ஆப்பெழுத்துக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டதை 2021-இல் சவூதி அரசு அறிவித்தது.

ததனு என்பது ததான், இன்றைய அல்-உலா. தைமாவுக்குத் தென்மேற்கே நேர்க்கோட்டில் 130 கிலோமீட்டருக்குள் உள்ள மலைப் பள்ளத்தாக்கு. ததான் அரசும் அதன் பின் லிஹ்யான் அரசும் அங்கிருந்து ஆண்டன. அதற்குச் சற்று வடக்கே ஹெக்ரா, பண்டைய அரபு மக்களான நபத்தேயர்கள் பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் குடைந்த இடம். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கல்லறைகளைப் படம் பிடிப்பவர்கள், அதே நிலத்தில் பாறையை வெட்டி இறக்கிய 130 அளவிலான கிணறுகளைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இந்த ஊர் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் தண்ணி கிடைச்சுதா?

இல்லை. தைமாவில் ஒரு பெரும் கிணறு நடுநாயகமாக நின்றது. ஹெக்ராவில் பல சிறு கிணறுகள். கைபர் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை மேட்டின் ஓரத்தில் இருப்பதால், பாறைக்கு அடியிலிருந்து ஊற்றுகள் பள்ளத்தாக்குகளில் வெளிப்பட்டன, அணைகளும் கட்டினார்கள். அல்-உலாவில் ஊற்று நீரைத் தரைக்கடிக் கால்வாய் வழியாகத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அல்-உலாப் பழைய ஊரில் ‘தந்தோரா’ என்ற கூம்பு வடிவ நிழற்கடிகாரம் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை அதன் நிழல் குறித்த கல்லைத் தொடும் நாளில் குளிர்காலப் பயிர்ப் பருவம் தொடங்கியதாகக் கணக்கு.

நீர் வெவ்வேறு விதமாகக் கிடைத்தாலும் அதைக் காத்த விதம் ஒன்றுபோல் இருக்கிறது. தைமாவின் பழைய மதில் 15 கிலோமீட்டருக்கும் நீளமானது. கைபரிலும் சோலையை வளைத்து ஏறத்தாழ 14.5 கிலோமீட்டர் நீளத்துக்கு, நான்காயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மதில் இருந்ததை 2024-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இம்மதில்கள் வீடுகளை மட்டும் சுற்றிக் கட்டப்பட்டவை அல்ல. தோட்டத்தையும் நீரையும் உள்ளே அடக்கியவை.

அப்போ கிணத்தை வெட்டினது நபோனிடஸ்தானே?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ‘கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கிணறு’ என்று எங்கும் எழுதப்படுவது, அவர் தங்கிய காலத்தோடு இணைத்துச் சொல்வதுதான். மேலே சொன்ன மதில்களின் தொடக்கம் அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முற்பட்டது. நீரில்லாமல் அத்தகைய மதிலுக்குள் யாரும் வாழ்ந்திருக்க முடியாது. அசீரிய அரசர் மூன்றாம் திக்லத்-பிலேசருக்கு கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே தைமா மக்கள் பொன், வெள்ளி, ஒட்டகம், வாசனைப் பொருள்கள் என்று திறை செலுத்தினார்கள். செழிப்பான ஊர் ஒன்றைத் தேடித்தான் நபோனிடஸ் வந்தார். அவர் வந்ததால் ஊர் உண்டானது என்பது தலைகீழ்.

எகிப்து ராஜா ராம்சேஸும் வந்தார்னு ஒரு வீடியோவில சொன்னாங்களே?

தைமா அருகே ஒரு பாறையில் மூன்றாம் ராம்சேஸின் பெயர்ச் சின்னம் செதுக்கப்பட்டிருப்பதை 2010-இல் அறிவித்தார்கள். அவர் கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்டவர். பெயர் இருப்பதாலேயே அரசர் வந்தார் என்று ஆகாது. அரசர் பெயரைப் பொறிக்கும் வழக்கமுள்ள வணிகக் குழுவோ தூதுக் குழுவோ வந்திருந்தால் போதும். எகிப்தோடு அக்காலத்தில் தொடர்பு இருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பைபிள்ல வர்ற தேமா இதுதானா? தேமானும் இதுவும் ஒண்ணா?

யோபு புத்தகத்தில் தண்ணீரை எதிர்பார்த்து ஏமாறும் பயணக் கூட்டமாகவும், ஏசாயா புத்தகத்தில் தாகத்தோடு தப்பி ஓடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்படி அழைக்கப்படும் மக்களாகவும் வருவது இந்தத் தேமாதான். பாலைவனத்தில் ஒரு ஊரைத் தண்ணீரின் பெயரால் இரண்டு முறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள் என்றால் அதன் கிணறுகளின் புகழ் வெளியே பரவியிருந்தது என்று கொள்ளலாம். தேமான் வேறு. அது ஏதோம் நாட்டைச் சேர்ந்தது, யோபின் நண்பர் எலிப்பாஸின் ஊர்.

நம்ம ஊர் மிளகு இந்த வழியாத்தான் ரோமுக்குப் போச்சா?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் விடை ஏமாற்றம்தான். தைமா, ததான் வழியாகச் சென்றவை முக்கியமாகத் தென் அரேபியாவின் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும். ரோமானியர் காலத்து மிளகு முசிறி முதலான துறைமுகங்களிலிருந்து கடல் வழியாகச் செங்கடலின் எகிப்தியக் கரைக்குச் சென்றது; அங்கே பெரெனிகே துறைமுகத்தில் இந்திய ஜாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் அதிகமான மிளகு கிடைத்திருக்கிறது. அந்தக் கடல்வழி பெருகப் பெருக, ஒட்டகப் பாதையின் பங்கு குறைந்தது.

சமவ்அல் கோட்டைன்னு காட்டுறாங்களே, அவர் யார்?

ஆறாம் நூற்றாண்டில் தைமாவில் வாழ்ந்த யூதக் கவிஞர், தலைவர். அவருடைய கோட்டைக்கு அல்-அப்லக் என்று பெயர். கவிஞர் இம்ருல் கைஸ் தம் போர்க் கவசங்களை இவரிடம் அடைக்கலமாக வைத்துவிட்டுப் போனார். எதிரி வந்து கேட்டபோது, பிடிபட்ட தன் மகனை இழந்தாலும் இழப்பேன், நம்பி வைத்ததைத் தரமாட்டேன் என்று மறுத்து மகனைப் பறிகொடுத்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. ‘சமவ்அலைவிட நம்பிக்கைக்கு உரியவன்’ என்ற அரபுப் பழமொழி இதிலிருந்து பிறந்தது.

கிணறு ஒரு தடவை இடிஞ்சு விழுந்துச்சாமே, ஒரு வெள்ளைக்காரர் கண்ணு பட்டதாலன்னு சொல்றாங்க?

சார்லஸ் டௌட்டி என்ற ஆங்கிலேயப் பயணி 1877-இல் தைமாவுக்கு வந்தார். அவர் வந்துபோன பிறகு கிணற்றின் சுவரில் ஒரு பகுதி சரிந்தது. திரும்பி வந்தபோது, அந்நியன் உற்றுப் பார்த்து எழுதிக்கொண்டு போனதால்தான் இப்படி ஆனது என்று சிலர் அவர்மேல் சினந்தார்கள். கண்ணேறு என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஊர் முழுவதும் உயிர் வைத்திருந்த ஒரே விளிம்பு சரியும்போது, நாற்பது பங்காளிகளில் ஒருவரைக் குற்றம் சொல்வதைவிட வெளியூர்க்காரரைச் சொல்வது எளிதாக இருந்திருக்கும். சுவரைப் பிறகு அவர்களே சேர்ந்து கட்டினார்கள்.

தைமாவின் புகழ்பெற்ற அரமேயக் கல்வெட்டும் வெளியூர்க்காரர்கள் கையில்தான் போனது. 1880-களில் பிரெஞ்சுப் பயணி சார்ல் யூபர் அதைப் பெற்றார். அவர் 1884-இல் அரேபியாவிலேயே கொல்லப்பட்டார். கல் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்பவும் அதுல தண்ணி இருக்கா? ஒட்டகம் இறைக்குதா?

1953-இல் நான்கு இயந்திரப் பம்புகள் வைக்கப்பட்டன. அத்தோடு ஒட்டகங்களின் வேலை முடிந்தது. இன்று நீங்கள் பார்க்கும் மரச்சட்டங்களும் உருளைகளும் பார்வையாளர்களுக்காகச் சீரமைத்து நிறுத்தியவை. நவம்பர் முதல் மார்ச் வரை போவது உடலுக்கு நல்லது. கிணற்று நீரைக் குடித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

பக்கத்துல அத்தனை கோதுமை வயல் இருக்கே, அதுக்கும் இந்தக் கிணத்துத் தண்ணிதானா?

விமானத்திலிருந்து தபூக் பக்கம் வட்ட வட்டமாகத் தெரியும் பச்சை வயல்களைத்தான் கேட்கிறார்கள். அவை ஹத்தாஜ் போன்ற ஆழமற்ற கிணறுகளால் விளைபவை அல்ல. ஸாக் எனப்படும் மணற்பாறை அடுக்கில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை மிகுந்த காலத்தில் தங்கிய நீரை ஆழ்துளைக் குழாய்கள் வழியே எடுத்துச் சுழல் குழாய்களால் தெளிக்கிறார்கள். அதே அடுக்கு எல்லை தாண்டி ஜோர்டானிலும் தொடர்கிறது. அங்கே அதற்கு திஸி என்று பெயர், அம்மான் நகரின் குடிநீர் அதிலிருந்து போகிறது.

ஒட்டகம் இறைத்த காலத்தில், சால் காலியாக வந்தால் அன்றே தெரியும். நீர் ஊறும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். ஆழ்துளைக் குழாய்க்கு அந்தத் தடை இல்லை. சவூதி அரேபியா 1980-களில் கோதுமையை ஏற்றுமதி செய்யும் அளவுக்கு விளைவித்து, நிலத்தடி நீர் விரைவாக இறங்குவதைக் கண்டு, 2008-இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கி 2016-இல் நிறுத்தியது. பின்னர் அளவு வரையறுத்து ஓரளவு மீண்டும் அனுமதித்தார்கள். அதனால் இப்போது போகிறவர்களுக்கும் அந்தப் பச்சை வட்டங்கள் கண்ணில் படும். எண்ணிக்கை மட்டும் முன்புபோல் இல்லை.